'வந்திருப்பார்'னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு 'வில் ஹாவ்' எதுக்கு?

இது பிரெஞ்சு இலக்கணம் பத்தின பதிவு. "நமக்கும் பிரெஞ்சுக்கும் என்னய்யா சம்பந்தம்"னு அடுத்த பதிவுக்குத் தாவப் பாக்கற மக்களே, கொஞ்சம் நில்லுங்க. நான் சண்டைக்கு நிக்கறதுல பாதி தமிழுக்காக. நீளமான பதிவு, அதையும் இப்பவே சொல்லிடறேன். டீ கீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். பிரெஞ்சுல 'ஃப்யூத்யூர் ஆன்தேரியர்'னு ஒரு காலம் இருக்கு. வருங்காலத்துல ஒரு புள்ளியில நின்னுகிட்டு, அதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோயிருக்கற ஒரு வேலையைச் சொல்றதுக்கான வினை வடிவம். நம்ம ஊர்ல பிரெஞ்சு சொல்லிக்குடுக்கற இடங்கள்ல பெரும்பாலும் இதுக்கு ஒரே வரியில விளக்கம் முடிஞ்சுடும். "இங்கிலீஷ்ல ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் தெரியுமில்ல? வில் ஹாவ் டன்? அதேதான். அடுத்த பாடம்." பையனும் தலையாட்டுவான். அவனுக்கு அந்த வில் ஹாவ் இங்கிலீஷ்லயே எப்ப வரும்னு சரியாத் தெரியாது. பரீட்சைக்கு வெளிய அவன் வாழ்க்கையில அதை ஒரு தடவைகூட உபயோகிச்சிருக்க மாட்டான்.

இப்ப நான் இங்க எழுதினேன் பாருங்க, "உபயோகிச்சிருக்க மாட்டான்"னு. அதுதான்யா ஃப்யூத்யூர் ஆன்தேரியர்! தினமும் நாப்பது தடவை வாயில வர்ற சமாச்சாரம். அதை விட்டுட்டு, நமக்கு சரியா வராத மூணாவது மொழி வழியா சுத்திக்கிட்டுப் போறோம். இந்தச் சுத்து வெறும் நேர விரயம்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். இது தப்பான இடத்துல கொண்டுபோய் இறக்கி விடுது. அதைத்தான் இந்தப் பதிவுல நிரூபிக்கப் போறேன்.

(ஒரு முன்னறிவிப்பு: பிரெஞ்சை எல்லாம் தமிழ் எழுத்துலயே, காதுல விழற மாதிரி எழுதறேன். மூக்கால பேசற ஒலிகளுக்கு 'ன்' போட்டிருக்கேன், அதை முழுசா 'ன்'னு உச்சரிச்சுடாதீங்க. 'ஜ' வர்ற இடத்துல நாக்கை அழுத்தாம வழுக்கி விடுங்க. பிரெஞ்சு அன்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம்.)

முதல்ல, இதை எப்படிச் செய்யறது?

ரொம்ப சுலபம். ரெண்டே பாகம். ஒரு துணைவினை, அதோட எதிர்கால வடிவம். பின்னாடி முதன்மை வினையோட இறந்தகால எச்சம் மாதிரி ஒண்ணு. துணைவினை ரெண்டு உண்டு. 'அவுவார்', அதாவது உடைமை சொல்றது. 'எத்ர்', அதாவது நம்ம 'இரு'.

அவுவாரோட எதிர்காலம்: ஜோரே (நான்), த்யூ ஓரா (நீ), இல் ஓரா (அவன்), நூஸோரோன் (நாங்கள்), வூஸோரே (நீங்கள்), இல்ஸோரோன் (அவர்கள்).

எத்ரோட எதிர்காலம்: ஜ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன்.

இதோட எச்சத்தை ஒட்டினா வேலை முடிஞ்சுது. பேசறதுக்கு பார்லே, முடிக்கறதுக்கு ஃபினி, விக்கறதுக்கு வாந்த்யூ. ஜோரே பார்லே, பேசியிருப்பேன். ஜோரே ஃபினி, முடிச்சிருப்பேன். ஜோரே வாந்த்யூ, வித்திருப்பேன்.

எத்ர் எங்க வரும்? போறது, வர்றது, கிளம்பறது, வந்து சேர்றது, ஏர்றது, இறங்கறது, விழறது, தங்கறது, பிறக்கறது, சாகறதுன்னு இடமோ நிலையோ மாறுற (தங்கறதுன்னா மாறாத) ஒரு சின்னக் கூட்டத்துக்கு எத்ர். அப்புறம் தன்னைத்தானே செஞ்சுக்கற வினைகள் எல்லாத்துக்கும் எத்ர். ஜ ஸெரே பார்த்தி, கிளம்பியிருப்பேன். ஜ ம ஸெரே லெவே, எழுந்திருப்பேன். மத்த எல்லாத்துக்கும் அவுவார்.

இதுல ஒரு குசும்பு உண்டு. 'வெளியே போறது'ங்கற வினைக்கு எத்ர். ஜ ஸெரே ஸோர்த்தி, வெளிய போயிருப்பேன். அதே வினைக்கு ஒரு செயப்படுபொருள் வந்தா கட்சி மாறி அவுவாருக்குப் போயிடும். ஜோரே ஸோர்த்தி லா பூபெல், குப்பைத்தொட்டிய வெளிய வெச்சிருப்பேன். நம்ம 'ஏறு - ஏற்று', 'இறங்கு - இறக்கு' இருக்கே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். தமிழ் வினையையே மாத்தும், பிரெஞ்சு துணைவினைய மாத்தும். தன்வினை பிறவினைன்னு நாம ஸ்கூல்ல படிச்சதை எந்த பிரெஞ்சு வகுப்புலயாவது இந்த இடத்துல ஞாபகப்படுத்தினாங்களா? கேட்டுப் பாருங்க.

எத்ர் வந்தா எச்சம் எழுவாயோட பாலுக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகணும். அவள் கிளம்பியிருப்பாள்னா எழுத்துல கடைசியில ஒரு எழுத்து கூடும், காதுக்குத் தெரியாது. சில வினைல காதுக்கும் தெரியும். அவன் செத்திருப்பான், இல் ஸெரா மோர். அவள்னா எல் ஸெரா மோர்த். எதிர்மறை வேணுமா? துணைவினையை ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கட்டணும்: ஜ நோரே பா ஃபினி, முடிச்சிருக்க மாட்டேன். கேள்வியா? ஓராதில் ஃபினி, முடிச்சிருப்பானா?

அவ்வளவுதான் செய்முறை. ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். வகுப்புல எல்லாரும் இதைத்தான் மூணு வாரம் ஓட்டறாங்க. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வெச்சு, கோடிட்ட இடத்தை நிரப்ப வெச்சு, மார்க் போட்டு அனுப்பிடறாங்க. எப்ப சொல்றது, எதுக்கு சொல்றதுங்கற இடத்துல கடையை மூடிடறாங்க. என் சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

"தமிழ்ல மூணு காலம்தானே சார்?"

இந்த வசனத்தை எத்தனை பேர் வாயில கேட்டிருக்கேன்! "தமிழ்ல இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மட்டும்தான். பிரெஞ்சுல ஏகப்பட்டது இருக்கு. அதனால இங்கிலீஷ் வழியாத்தான் புரியவைக்க முடியும்." சொல்றவர் முகத்துல ஒரு பரிதாபம் வேற, என்னவோ தமிழுக்கு சத்துக் குறைவு மாதிரி.

தொல்காப்பியத்துல காலம் மூணுன்னு இருக்கு, சரிதான். வினையடியோட நேரா ஒட்டற இடைநிலையை எண்ணினா மூணு. ஆனா துணைவினையை எங்கய்யா விட்டீங்க? கீழ பாருங்க.

சாப்பிட்டிருக்கேன் - ஜே மான்ஜே
சாப்பிட்டிருந்தேன் - ஜாவெ மான்ஜே
சாப்பிட்டிருப்பேன் - ஜோரே மான்ஜே

முதன்மை வினை எச்சமா உறைஞ்சு நிக்குது. பின்னாடி வர்ற 'இரு' மட்டும் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம்னு சட்டையை மாத்துது. பிரெஞ்சுலயும் அதே ஏற்பாடு, துணைவினை முன்னாடி நிக்குதுங்கறது ஒண்ணுதான் வித்தியாசம். கண்ணாடில பாக்கற மாதிரி வலது இடது மாறியிருக்கு. இதுக்கு மேல என்ன ஒத்துமை வேணும்? ரெண்டு மொழியும் உறவு கிடையாது. பிரெஞ்சு லத்தீன்ல இருந்து வந்தது. ஜோரேங்கற வடிவமே லத்தீன்ல 'உடைமை' வினையோட அதே வினையைத் திரும்ப ஒட்டிச் செஞ்சது. எங்கயோ கிடந்த ரெண்டு மொழி, ஒரே தேவைக்கு ஒரே மாதிரி வழி கண்டுபிடிச்சிருக்கு. இதைப் பாத்து ஒரு மாணவன் "அட!"ன்னு சொல்ற சந்தோஷத்தை அவன்கிட்ட இருந்து புடுங்கிட்டு, கையில வில் ஹாவைக் குடுக்கறது பாவம் இல்லையா?

சரி, பயன்பாட்டுக்கு வருவோம்.

முதல் பயன்பாடு: முடிஞ்சிருக்கும் வேலை

தெமேன் ஆ ஸெத்தேர்ஸி, ஜ ஸெரே அரிவே. நாளைக்கு இந்நேரம் வந்து சேர்ந்திருப்பேன். பஸ் ஏறும்போது அம்மாகிட்ட போன்ல நாம சொல்ற வாக்கியம் இது. 'நாளைக்கு இந்நேரம்', 'பத்து மணிக்குள்ள', 'அடுத்த தீபாவளிக்கு' - இப்படி ஒரு முளை அடிச்சுட்டு, அதுக்கு முன்னாடி முடியற வேலையைக் கட்டறது. தமிழ் பேசறவனுக்கு இதுல விளங்க வைக்க ஒண்ணுமே இல்ல. இதுல இங்கிலீஷும் சரியாத்தான் வேலை செய்யுது, மறுக்கல.

ரெண்டாவது பயன்பாடு: ஊகம்

இங்கதான் இங்கிலீஷ் வழி போனவன் குப்புற விழறான். ஒருத்தர் வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வரல. பிரெஞ்சுக்காரர் சொல்றார்: இல் ஓரா ராத்தே ஸோன் ப்யூஸ். வில் ஹாவ் மட்டும் மனப்பாடம் பண்ணின மாணவன், "பஸ்ஸைத் தவறவிட்டு முடித்திருப்பது எந்த எதிர்காலத்தில்?"னு தேடிக்கிட்டு நிப்பான். எதிர்காலமே இங்க கிடையாது! நடந்து முடிஞ்ச ஒண்ணைப் பத்தின ஊகம். "பஸ்ஸை விட்டிருப்பார்." அவ்வளவுதான். தமிழ்ல யோசிச்சா அரை வினாடி.

இன்னும் பாருங்க.

ல ஃபாக்தேர் ஸெரா பாஸே. தபால்காரர் வந்துட்டுப் போயிருப்பார்.
ஜோரே லெஸே மே க்லே ஓ ப்யூரோ. சாவியை ஆபீஸ்லயே விட்டிருப்பேன்.
இல் நோரா பா ஆன்தாந்த்யூ. அவர் காதுல விழுந்திருக்காது.

ஒவ்வொண்ணுக்கும் வலது பக்கம் நான் எழுதினது மொழிபெயர்ப்பு மாதிரியா இருக்கு? நம்ம வீட்டுல நடக்கற பேச்சு மாதிரி இருக்கு. எதிர்கால வடிவத்தை எடுத்து நடந்துபோன விஷயத்தை ஊகிக்கறது, ரெண்டு மொழியும் ஒரே மாதிரி செய்யுற வேலை. இங்கிலீஷ்லயும் வில் ஹாவ் ஊகத்துக்கு வரும், ஆனா அபூர்வமா, கொஞ்சம் விறைப்பா. பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தர்றதில்ல. பேச்சு பிரெஞ்சுல இந்த ஊகத்துக்கு 'வேண்டும்'ங்கற வினையை வெச்சு 'இல் ஆ த்யூ ராத்தே'ன்னு இன்னொரு வழியும் உண்டு, தெருவுல அதுதான் அதிகம் கேக்கும். அதுக்காக முதல் வழியைத் தெரியாம இருந்தா, படிக்கற பத்திரிகையும் கதையும் பாதி புரியாது.

மரியாதைக்கும் இதே வடிவம்தான். "நீங்க தப்பாப் புரிஞ்சுகிட்டீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கும், "நீங்க தப்பாப் புரிஞ்சிருப்பீங்க"ன்னு சொல்றதுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியும். பிரெஞ்சுக்காரரும் அதையே செய்யறார்: வூஸோரே மால் கோம்ப்ரி. பழி கொஞ்சம் மெத்துனு விழுது. கட்டுரையில வாசகரைக் கூட இழுத்துக்க 'வூ லோரே கோம்ப்ரி'ன்னு எழுதுவாங்க. உங்களுக்கே புரிஞ்சிருக்கும். நாமளும் பதிவுல எழுதறோமே!

இப்ப முக்கியமான கட்டம்: ஊகம் எப்படி வதந்தி ஆகுது?

இதைக் கவனமாப் படிங்க, என் வாதத்துக்கு உயிர்நாடி இதுதான்.

நாம இங்கிலீஷ் பேசும்போது "அவர் இந்நேரம் வந்திருப்பார்"ங்கறதை என்னன்னு சொல்றோம்? பெரும்பாலான பேர் 'ஹி வுட் ஹாவ் ரீச்ட்'னு சொல்றோம். வில் இல்ல, வுட். நம்ம ஊர் இங்கிலீஷ்ல அதுதான் பழக்கம். இப்ப இந்த வுட் ஹாவை வாய்ப்பாட்டுல போட்டு பிரெஞ்சாக்குங்க. வாத்தியார் சொன்னபடி வுட் ஹாவ்னா நிபந்தனை வடிவம். ஆக, மாணவன் எழுதறான்: இல் ஸெரெ அரிவே. 'ஸெரா' போட வேண்டிய இடத்துல 'ஸெரெ'.

இதுக்கு பிரெஞ்சுல என்ன அர்த்தம் தெரியுமா? "அவர் வந்துட்டாராம்." அதாவது யாரோ சொன்னாங்க, நான் பொறுப்பில்ல. பிரெஞ்சு செய்தித்தாள்கள்ல உறுதியாகாத தகவலைப் போடும்போது இந்த வடிவத்தைத்தான் போடுவாங்க. நம்ம 'ஆம்' இருக்கே, 'வந்தாராம், போனாராம்', அச்சு அசல் அதுதான்.

இப்ப வந்ததுக்கு பதிலா திருட்டுன்னு வெச்சுக்கோங்க. 'இல் ஓரா வோலே'ன்னா "திருடியிருப்பான்", என் ஊகம், நான்தான் பொறுப்பு. 'இல் ஓரெ வோலே'ன்னா "திருடினானாம்", ஊர் சொல்லுது. ஒரு உயிரெழுத்து மாறினா சொன்னவனே மாறிட்டான்! ஒரு போலீஸ் ஸ்டேஷன்லயோ, ஆபீஸ் விசாரணையிலயோ இதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. தமிழ்ல இந்த ரெண்டும் குழம்பறதுக்கு வாய்ப்பே கிடையாது. அஞ்சு வயசுக் குழந்தைகூட 'திருடியிருப்பான்'கும் 'திருடினானாம்'கும் வித்தியாசம் தெரிஞ்சு பேசும். ரெண்டு கரையிலயும் தெளிவா இருக்கற விஷயத்தை, நடுவுல இங்கிலீஷ் ஆத்துல முக்கி எடுத்துக் கலக்கி விடறோம். இதுக்கு ட்யூஷன் பீஸ் வேற.

'கான்' வந்தா?

இங்கிலீஷ் கெடுக்கற இன்னொரு இடம். "நீ முடிச்சதும் கூப்பிடு." பிரெஞ்சுல: கான் த்யூ ஓரா ஃபினி, அப்பெல் முவா. கூப்பிடறது இனிமேத்தான், முடிக்கறது அதுக்கு முன்னாடி, ஆக முடிக்கறதுக்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் கட்டாயம். கணக்கு மாதிரி நேர்த்தி. 'கான்' மட்டுமில்ல, 'லோர்ஸ்க்' (போது), 'தெக்' (உடனே), 'ஓஸித்தோ க' (அடுத்த நொடியே), 'யூன் ஃபுவா க' (முடிஞ்சவுடன்), 'அப்ரே க' (பிறகு) - எல்லாத்துக்கும் இதே சட்டம்.

இங்கிலீஷ்ல 'வென்'னுக்குப் பின்னாடி வில் போடக்கூடாதுன்னு நமக்கு பிரம்பால அடிச்சு சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்த அடி ஞாபகத்துல பிரெஞ்சுலயும் 'கான் த்யூ ஆ ஃபினி'ன்னு எழுதி வெச்சு வட்டம் வாங்கறவங்க எத்தனை பேர்! அப்புறம் வாத்தியார் "பிரெஞ்சு விதிவிலக்கு"ன்னு சொல்வார். எதுக்கு விதிவிலக்கு? இங்கிலீஷுக்கா? பிரெஞ்சு எதுக்குய்யா இங்கிலீஷுக்கு விதிவிலக்கா இருக்கணும்?

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இந்த இடத்துல தமிழும் நேரா உதவாது. "முடிச்சதும்", "முடிச்ச பிறகு"ன்னு நாம எச்சத்தைப் போட்டு நகர்ந்துடறோம், 'முடிச்சிருப்பதும்'னு சொல்றதில்ல. ஆனா தமிழ் தடுக்காது. இங்கிலீஷ் தடுக்குது. உதவாத நண்பனுக்கும் காலை வாரி விடற நண்பனுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?

'அப்ரே க'வுக்கு ஒரு கொசுறு. 'அப்ரே கில் ஸெரா பார்த்தி', அவர் கிளம்பின பிறகு. இதுல பிரெஞ்சுக்காரங்களே நிறைய பேர் வேற வினைப்பாங்கைப் போட்டுப் பேசறாங்க, 'அப்ரே கில் ஸுவா பார்த்தி'ன்னு. பிரெஞ்சு அகாடமி அது தப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. மக்கள் பேசிக்கிட்டே இருக்காங்க. எல்லா ஊர்லயும் பண்டிதர் பாடு இதே பாடுதான்.

நிபந்தனை சொல்ற 'ஸி' (முடிச்சா, வந்தா) பின்னாடி மட்டும் இந்தக் காலம் வரவே வராது. 'முடிச்சிருப்பானான்னு தெரியல'ங்கற மாதிரி மறைமுகக் கேள்விக்கு வர்ற 'ஸி'க்குப் பின்னாடி தாராளமா வரும். தமிழ்ல முன்னது '-ஆ(ல்)' விகுதி, பின்னது '-ஆ' கேள்வி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே 'இஃப்'. எது தெளிவுன்னு நீங்களே சொல்லுங்க.

"உன் தமிழ் மட்டும் யோக்கியமா?"

பின்னூட்டத்துல கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். ஆமா, தமிழ்ல ஒரு பொறி இருக்கு. "நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்." இதுவும் 'வந்திருப்பேன்'தான். ஆனா இது நடக்காமப் போன விஷயம். பிரெஞ்சுல இதுக்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் போட்டா போச்சு. ஸி த்யூ மாவெ அப்லே, ஜ ஸெரெ வென்யூ. ஸெரே இல்ல, ஸெரெ. அவுவார்னா ஜோரே இல்ல, ஜோரெ. எழுத்துல கடைசியில ஒரு எழுத்து கூடும். பேச்சுல வாய் கொஞ்சம் கூடத் திறக்கணும், பல பிரெஞ்சுக்காரங்க அந்த வித்தியாசத்தைக் காட்டறதே இல்ல. அவங்க ஸ்கூல் பிள்ளைகளே எழுதும்போது இதைக் குழப்பிக்கறது பிரசித்தம்.

ஆக, தமிழ்ல 'வந்திருப்பேன்'ங்கற ஒரே சாவி மூணு அறையைத் திறக்குது. நாளைக்கு முடிஞ்சிருக்கறது, ஊகம், நடக்காதது. பிரெஞ்சுல முதல் ரெண்டுக்கு ஒரு சாவி, மூணாவதுக்கு வேற சாவி. இதைப் பிரிக்க வழியும் தமிழ்லயே இருக்கு. வாக்கியத்துல '-இருந்தா' இருக்கா, இல்ல மனசுக்குள்ள ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா ஜோரெ. 'இந்நேரம்', 'அதுக்குள்ள', 'அனேகமா' இதுல ஒண்ணைச் செருக முடியுதா? அப்ப ஜோரே. ஒரு வரி விதி. எந்த இங்கிலீஷ் நோட்ஸும் இந்த விதியைத் தராது, ஏன்னா இங்கிலீஷ்காரனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. தமிழனோட தப்பு தமிழ்ல இருந்து வருது, அதுக்கு மருந்தும் தமிழ் தெரிஞ்சவன்தான் சொல்ல முடியும்.

இன்னொரு இடத்துலயும் தமிழ் கைவிரிக்கும். ஒருத்தரோட வாழ்க்கையையோ ஒரு வருஷத்தையோ திரும்பிப் பாத்து கணக்கு முடிக்கற மாதிரி பிரெஞ்சுல இந்தக் காலத்தைப் போடுவாங்க. ஆன் தீஸான், இல் ஓரா தூ ஷான்ஜே. பத்து வருஷத்துல எல்லாத்தையும் மாத்திட்டார். எல்லாம் நடந்து முடிஞ்சுது, ஊகமும் இல்ல. ஆனாலும் எதிர்கால வடிவம், பின்னால வர்றவங்க கண்ணால பாக்கற மாதிரி. இரங்கல் கட்டுரை, விளையாட்டுச் செய்தி, தலையங்கம்னு எங்கயும் பாக்கலாம். 'ஓனோரா தூ வ்யூ!'ன்னு தலையில அடிச்சுக்கறதும் உண்டு. "இதையும் பாத்தாச்சுடா சாமி"ங்கற மாதிரி. இங்க தமிழ்ல '-இருப்பார்' போட்டா ஊகமாயிடும், அதனால வேற மாதிரிதான் சொல்லணும். இதை பிரெஞ்சுகிட்ட இருந்தே நேராக் கத்துக்க வேண்டியதுதான். இங்கிலீஷும் இதுக்கு உதவாது.

நேர்ப்பாதை புதுசு இல்ல

"தமிழ்ல இருந்து நேரா பிரெஞ்சா? நடக்கற காரியமா?"ங்கறவங்களுக்கு: புதுச்சேரியில மூஸே, த்யூப்வி ரெண்டு பாதிரியார்கள் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855-லும் 1862-லும் ரெண்டு பாகமா கொண்டுவந்துட்டாங்க. காரைக்கால்ல வளர்ந்த ஜூலியன் வின்சோன் பாரீஸ்ல தமிழ் வாத்தியாரா இருந்து, 1903-ல பிரெஞ்சுலயே தமிழ் இலக்கணக் கையேடு போட்டார். நடுவுல இங்கிலீஷ் எங்கயும் இல்ல. 1954 நவம்பர் 1 அன்னைக்கு நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படியும் முடிஞ்சுது. அதோட அந்த நேர்ப்பாதையையும் நாம புல் மண்ட விட்டுட்டோம்.

பாரீஸ்ல லா ஷப்பெல் பக்கம் போனா, எண்பதுகள்ல இருந்து வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களோட கடைத்தெரு இருக்கு. அவங்கள்ல எத்தனையோ பேர் இங்கிலீஷ் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க, தமிழை மட்டும் கையில வெச்சுக்கிட்டு பிரெஞ்சைப் பிடிச்சவங்க. அவங்களுக்கு இன்னைக்குத் தேவை இன்னும் கூடியிருக்கு. 2024 ஜனவரி 26 தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டப்படி, 2026 ஜனவரி 1-லேர்ந்து பல வருட வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 நிலைன்னு மொழித் தேர்வு வந்தாச்சு. பி1, பி2-ன்னா காலங்களை இடம் பாத்துப் போடத் தெரியணும். நாப்பது வயசுல சமையல்கட்டு வேலை முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து படிக்கற ஒருத்தர்கிட்ட போய் "முதல்ல வில் ஹாவ் தெரிஞ்சுட்டு வாங்க"ன்னு சொல்றது கொடுமை. அவர் வாயில 'வந்திருப்பார்' ஏற்கனவே இருக்கு.

நம்ம ஊர்ல ப்ளஸ் டூவுல மார்க் அள்ளலாம்னு பிரெஞ்சு எடுக்கற கூட்டத்துக்கு இது எதுவும் தேவைப்படாது. அவங்களுக்கு வாய்ப்பாடு போதும், பரீட்சை முடிஞ்ச மறுநாள் மறந்துடலாம். தமிழை விட்டுட்டு பிரெஞ்சு எடுத்து, அந்த பிரெஞ்சையும் இங்கிலீஷ்ல படிச்சு, கடைசியில மூணுலயும் அரைகுறையா நிக்கறாங்க. அது அவங்க குத்தம் மட்டும் இல்ல, சொல்லித்தர்ற முறையோட குத்தம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. இங்கிலீஷை எரிக்கச் சொல்லல, கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டித்தான் நானும் சோறு திங்கறேன். பிரெஞ்சு சொல்லித் தர்ற தமிழ் தெரிஞ்ச வாத்தியார்கள் கரும்பலகையில மூணு வரி எழுதட்டும். சாப்பிட்டிருக்கேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன். எதிர்ல பிரெஞ்சை எழுதட்டும். ஊகத்தையும் வதந்தியையும் 'இருப்பான்', 'ஆம்' வெச்சுப் பிரிச்சுக் காட்டட்டும். எங்க தமிழ் ஒத்துவரும், எங்க ஏமாத்தும்னு சொல்லட்டும். ஒரு மணி நேரம் ஆகுமா? மூணு வார வாய்ப்பாட்டை விட அது நிக்கும்.

தெரிஞ்ச நாம அதை எழுதியும் வைக்கலாம். பிரெஞ்சு தெரிஞ்ச பதிவர்கள் இங்க நாலஞ்சு பேராவது இருப்பீங்க. சினிமா விமர்சனத்துக்கு நடுவுல மாசம் ஒரு பதிவு, ஆளுக்கொரு காலம் எடுத்துக்கிட்டா அடுத்த பொங்கலுக்குள்ள ஒரு முழு கையேடு முடிஞ்சிருக்கும்.

(மேல கடைசி வினையை பிரெஞ்சுல எப்படிச் சொல்றதுன்னு பின்னூட்டத்துல போடுங்க. துணைவினை அவுவாரா எத்ரான்னும் சேர்த்து. முதல்ல சரியாச் சொல்றவங்களுக்கு என் சார்பா ஒரு ஃபில்டர் காபி, சென்னை வந்தா.)

பி.கு. 1: "அப்ப ஜெர்மனுக்கும் இப்படி எழுதுவியா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஜெர்மன் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க எழுதுங்க, வந்து கும்மி அடிக்கறேன்.

பி.கு. 2: தமிழ் எழுத்துல பிரெஞ்சு படிக்கக் கஷ்டமா இருக்குன்னு திட்டறவங்க தாராளமாத் திட்டலாம். ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்க :-)